ஏரியில் இட்ட பொன்: திருவேங்கடத்து அறமுதலின் வரலாறு

முன்னுரை

ஒரு வட்டாரத்து மக்கள் தரும் கொடைகளை ஒரே இடத்தில் சேர்த்து, முதலைக் கரையவிடாமல் காத்து, அதன் வருவாயை அந்த வட்டாரத்தின் அறப்பணிகளுக்குச் செலவிடும் அமைப்பைச் சமூக அறக்கட்டளை என்கிறோம். இதன் இன்றைய வடிவம் 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தோன்றியது. அதை நிறுவிய பிரடெரிக் காஃப் ஒரு வங்கியாளர். செல்வர்கள் உயிலில் எழுதிவைக்கும் சொத்துகள், காலம் மாறிய பின்னும் பழைய நோக்கத்துக்குள்ளேயே முடங்கிக் கிடப்பதை அவர் கண்டார். கொடைகளைத் தனித்தனியே விடாமல் ஒரு பொது முதலாகத் திரட்டி, ஊர் அறிந்த சான்றோர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தால் இந்த முடக்கம் தீரும் என்பது அவர் கண்ட வழி. இந்தியாவில் 1991இல் தொடங்கப்பட்ட பம்பாய் கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட் இந்த வழியில் வந்த முன்னோடி அமைப்புகளுள் ஒன்று.

பல கைகளிலிருந்து வரும் கொடையைத் திரட்டிக் குழு ஒன்றின் பொறுப்பில் நிலைநிறுத்தும் ஏற்பாடு நமக்குப் புதிதன்று. திருப்பதியிலும் திருமலையிலும் அது ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அங்கே கொடை எப்படி முதலாயிற்று, முதல் எங்கே இடப்பட்டது, அதன் பயன் யாரைச் சென்று சேர்ந்தது என்னும் மூன்று கேள்விகளை 9ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். விஜயநகரக் காலத்துத் திருவேங்கட அறமுதலின் வலிமை, அதன் அளவைவிட அது இடப்பட்ட இடத்திலேயே இருந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு. அன்று அந்த முதல் வட்டாரத்தின் ஏரிகளிலும் கால்வாய்களிலும் இடப்பட்டது. இன்று அது பெரும்பாலும் வங்கி வைப்பாக உள்ளது. கொடையின் நோக்கமும் ஒழுங்கும் பெரிதும் தொடர்ந்துள்ளன. மாறியது முதலுக்கும் மண்ணுக்கும் இருந்த உறவு.

1. சான்றுகள்

திருமலை, திருப்பதி, திருச்சானூர் ஆகிய இடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் படியெடுக்கப்பட்டுள்ளன. சாது சுப்பிரமணிய சாஸ்திரியும் வி. விஜயராகவாச்சாரியாரும் பதிப்பித்த தேவஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிகள் 1930களில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தன. இவற்றில் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. தெலுங்கு பேசிய நாயக்கரும் கன்னட நாட்டு அதிகாரியும் கொடுத்த கொடைகள்கூடக் கோயில் கணக்கரின் தமிழிலேயே பதிவாகியுள்ளன. ஆட்சிகள் மாறியபோதும் கோயில் கணக்கின் மொழியும் வாய்பாடும் நெடுங்காலம் மாறவில்லை.

இந்தச் சான்றுகளை வைத்துத் டி. கே. டி. வீரராகவாச்சாரியார் திருப்பதி வரலாற்றை விரிவாக எழுதினார். அமெரிக்க வரலாற்றாய்வாளர் பர்ட்டன் ஸ்டைன் 1960இல் வெளியிட்ட கட்டுரை, இதே கல்வெட்டுகளைப் பொருளியல் கண்ணோடு படித்து, கோயில் தன் ஊர்களில் பாசன வளர்ச்சிக்கு முதலீடு செய்த நிறுவனமாக இயங்கியதை எடுத்துக்காட்டியது. கொடையாளர் பெற்ற மரியாதை, பங்கு, சமய உட்பிரிவுகளின் செல்வாக்கு ஆகியவற்றை அர்ஜுன் அப்பாதுரை பின்னர் ஆராய்ந்தார். இம்மூவர் காட்டிய வழியில், முதலீட்டின் இடம் என்ற ஒரு கோணத்தை மட்டும் இங்கே தொடர்கிறோம்.

2. விளக்குக்கு வைத்த பொன்: 9 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை

தொடக்ககாலக் கொடைகள் எளியவை. பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் சோழநாட்டு அன்பர் ஒருவர் விளக்கெரிக்கப் பொன் கொடுத்ததைத் திருச்சானூர்க் கல்வெட்டு சொல்கிறது. அன்று திருச்சுகனூர் எனப்பட்ட அவ்வூரின் சபை, மலைமேல் உள்ள கோயிலின் காரியங்களிலும் பங்கேற்றது. பொன்னைப் பெற்றுக்கொள்வதும் விளக்குக்கு நெய் அளப்பதும் ஊர்ச் சபையின் கடமை.

10ஆம் நூற்றாண்டில் சாமவை என்னும் காடவன் பெருந்தேவி செய்த கொடை இந்த வரலாற்றில் ஒரு படி முன்னேற்றம். பொதுவாக 966ஆம் ஆண்டினது எனக் கருதப்படும் அவருடைய கல்வெட்டு, வெள்ளியாலான மணவாளப்பெருமாள் திருமேனியை அவர் எழுந்தருளுவித்ததைக் கூறுகிறது. போக ஸ்ரீனிவாசர் என்ற பெயரில் இன்றும் திருமலையில் வழிபடப்படுவது அந்தத் திருமேனியே. சாமவை திருமேனியோடு நின்றுவிடவில்லை. நாள்தோறும் அமுதுபடி, அணையா விளக்கு, புரட்டாசித் திருவிழா ஆகியவை தடையின்றி நடக்க நிலமும் விட்டு, அதற்கு இறை நீக்கியும் வைத்தார். ஒரு நாள் வழிபாட்டுக்கான காணிக்கையாக இல்லாமல், என்றும் நடக்க வேண்டிய செயலுக்கு என்றும் விளையும் முதலாக அவர் கொடை அமைந்தது.

முதல் வைத்தால் மட்டும் போதாது, அதைக் கண்காணிக்கவும் வேண்டும் என்பதற்கு ராஜேந்திர சோழனின் 7ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சான்று. திருமலையில் கர்ப்பூர விளக்கு ஒன்று உட்பட 24 விளக்குகள் எரிப்பதாக ஒப்புக்கொண்டு பொன் பெற்ற திருமுண்டியம் சபையார், 2 விளக்குகளை மட்டுமே எரித்துவந்தனர். சோழ அதிகாரி ஒருவர் விசாரணை நடத்திக் குறையைக் கண்டறிந்தார். பொன்னைக் கோயில் பண்டாரத்தில் ஒடுக்கி, இனி எல்லா விளக்குகளையும் கோயிலே எரிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார். இந்தத் தீர்ப்பில் மூன்று கொள்கைகள் பொதிந்துள்ளன: கொடையாளியின் நோக்கம் மாறக்கூடாது, பொறுப்பேற்றவர் தவறினால் பொறுப்பை மாற்றலாம், சிதறிக் கிடக்கும் முதல்களை ஒரே பண்டாரத்தில் சேர்ப்பது பாதுகாப்பு. இவற்றுள் கடைசியானது காஃபின் திட்டத்துக்கும் அடிப்படை.

இதே காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் வேறொரு வழியில் சென்றது. கொடையாகப் பெற்ற காசை ஊர்ச் சபைகளுக்குப் பொலிசைக்குக் கொடுத்து, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்கு 12.5 விழுக்காடு, வட்டி பெற்றது. அங்கே முதல் கடனாக ஊருக்குள் சென்றது. திருவேங்கடம் பின்னாளில் கண்ட வழி இதனினும் வேறுபட்டது.

3. பன்னிரண்டு நிர்வாகம்

சோழர் ஆட்சி தளர்ந்த பின், 13ஆம் நூற்றாண்டிலிருந்து கோயில் பொறுப்பு தானத்தார் என்னும் குழுவிடம் வந்தது. பன்னிரண்டு நிர்வாகம் என்று கல்வெட்டுகள் குறிப்பது இவர்களையே. திருப்பதி ஸ்ரீவைஷ்ணவர்கள், திருச்சானூர்ச் சபையார், கோயில் வழிபாட்டை நடத்திய நம்பிமார், கோயில் கேட்கும் ஜீயர்கள், கோயில் கணக்கர் எனப் பல தரப்பினரும் இதில் இடம்பெற்றனர். கொடை ஆவணத்தைத் தானத்தார் கூடி ஏற்க வேண்டும். அவர்கள் பணித்தபடி கோயில் கணக்கு திருநின்றவூர் உடையான் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அதைக் கோயில் சுவரிலேயே கல்லில் வெட்ட வேண்டும். வழிபட வருவோர் எவரும் படித்துக் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் ஒப்பந்தம் நின்றது.

ஒரே தரப்பின் கையில் முழு அதிகாரமும் குவியாமல் இருந்தது இந்த அமைப்பின் பலம். வழிபாடு செய்பவர், ஊர்ச் சபையார், துறவியர், கணக்கு எழுதுபவர் ஆகியோர் ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் நிலையில் இருந்தனர். அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். கோயிலுக்கு விடப்பட்ட திருவிடையாட்ட ஊர்களில் உழுதவர்க்குத் தானத்தாரில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை. நிர்வாகப் பொறுப்பு அந்தணரிடமும் கோயிற் பணியாளரிடமுமே தங்கியது. கொடுக்கும் கதவு பலருக்கும் திறந்திருந்தபோதும், முடிவெடுக்கும் இருக்கைகள் சிலருக்கே உரியவையாயின.

4. பணம் நீரான முறை

விஜயநகரக் காலத்தில், குறிப்பாக 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, கொடைகள் பெருகின. திருப்பதிக்கு அருகிலுள்ள சந்திரகிரியில் இருந்து ஆண்ட சாளுவ நரசிம்மர் கோயிலோடு நெருக்கமாயிருந்தார். கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்து ஊர்களும் அணிகலன்களும் அளித்தார். அச்சுததேவராயர் காலத்தில் கொடைகள் உச்சம் தொட்டன. அரசரும் அதிகாரிகளும் பெரும்பாலும் ஊர்களைக் கொடுத்தனர். வணிகர், ஆசாரியர், கோயிற் பணியாளர், எம்பெருமானடியார் என்னும் கோயிற் பெண்டிர் ஆகியோர் பெரும்பாலும் பணம் கொடுத்தனர். தாளப்பாக்கம் அன்னமாசாரியரின் குடும்பத்தார் இரண்டும் கொடுத்தனர்.

இந்தக் காலத்துப் பணக்கொடைக் கல்வெட்டு ஒன்று பொதுவாக எப்படி அமைந்தது என்பதை நெருங்கிப் பார்ப்போம். முதலில் சக ஆண்டு, மாதம், பக்கம், திதி, கிழமை, நாள்மீன். அடுத்துத் தானத்தார் இன்னாருக்குச் சிலாசாசனம் பண்ணிக்கொடுத்த செய்தி. பிறகு, இன்னார் தன் உபயமாக இத்தனை நற்பணம் ஸ்ரீபண்டாரத்தில் ஒடுக்கினார் என்ற விவரம். அதன்பின் வருவதுதான் நம் ஆய்வுக்கு உயிரான பகுதி: இந்தப் பணத்தைத் திருவிடையாட்ட ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்ட இடுவது, அதனால் கூடும் விளைச்சலைக் கொண்டு ஸ்ரீபண்டாரத்திலிருந்து உபயத்தை நடத்துவது. தொடர்ந்து பொருள் பட்டியல்: சாளுக்கிய நாராயணன் காலால் அளந்த அரிசி, நெய், பயறு, உப்பு, மிளகு, கறியமுது, தயிரமுது, அடைக்காய், வெற்றிலை. திருப்போனகமா, அப்பமா, அதிரசமா என்ற குறிப்பு. எந்தத் திருநாளில், எந்த மண்டபத்தில் அமுது செய்விக்க வேண்டும் என்ற குறிப்பு. பிரசாதத்தில் யாருக்கு எவ்வளவு என்ற பங்கீடு. சந்திரனும் சூரியனும் உள்ளவரை வழிவழியாக நடக்கும் என்ற உறுதி. கடைசியில் கணக்கரின் கையெழுத்து.

இந்த ஏற்பாட்டின் உள்ளியக்கம் நுட்பமானது. சித்தூர், திருப்பதி நிலப்பகுதி மழையை நம்பிய வறண்ட பூமி. சுவர்ணமுகி போன்ற ஆறுகளில் ஆண்டு முழுதும் நீர் ஓடுவதில்லை. இங்கே நிலம் மட்டும் இருந்தால் பயன் குறைவு; நீர் கிடைத்தால் புன்செய் நன்செய் ஆகும். ஏரிக்கரையை உயர்த்துவது, தூர்ந்த கால்வாயை வெட்டுவது, புதுக்கால் எடுப்பது ஆகியவை பெரும் முதல் கேட்கும் வேலைகள். தனி உழவரால் இயலாது. அரசின் கவனமோ போரிலும் திறையிலும். கோயிலிடம் கொடையாக வந்து குவிந்த பணமும் இருந்தது; அரசர் விட்ட ஊர்களும் இருந்தன. ஒருவர் கொடுத்த பணம் மற்றொருவர் கொடுத்த ஊரில் நீராகப் பாய்ந்தது. கூடிய விளைச்சல் நெல்லாக மலையேறி அமுதுபடியானது. நிலக்கொடையும் பணக்கொடையும் தனித்தனியே நின்றிருந்தால் தந்திருக்க முடியாத பயனை இரண்டும் சேர்ந்து தந்தன.

ஏரியில் இட்ட முதலைத் தஞ்சை வழியிலான கடனோடு ஒப்பிட்டால் அதன் சிறப்பு தெரியும். கடன் வாங்கிய சபை நொடித்தால் முதல் போய்விடும். வட்டி எவ்வளவு என்பதும் கல்லில் வெட்டியபடி நிலைத்துவிடும். ஏரி அப்படியன்று. பராமரிக்கும்வரை அது தரும் பயன் நெல்லாகவே வருகிறது. காசின் மதிப்பு ஏறினாலும் இறங்கினாலும் அமுதுபடிக்கு வேண்டியது அரிசிதான். வறண்ட நிலத்தில் ஏரியால் வரும் கூடுதல் விளைச்சல் கோயிலுக்கு மட்டும் நிற்காமல், அந்த ஊர்களில் உழுதவர்க்கும் வேலை செய்தவர்க்கும் ஓரளவாவது சென்றிருக்கும். அவர்களுடைய பங்கைக் கல்வெட்டுகள் விரித்துப் பேசாதது நமக்கு இழப்பு.

5. விட்டவன் விழுக்காடும் ராமானுஜகூடமும்

அமுது செய்த பிரசாதத்தில் நாலத்தொன்று, அதாவது நான்கில் ஒரு பங்கு, கொடையாளிக்கு உரியது. விட்டவன் விழுக்காடு என்று இதற்குப் பெயர். எஞ்சியது தானத்தாருக்கும் பணியாளருக்கும் பங்கிடப்பட்டது. இந்த நாலத்தொன்றைக் கொடையாளி தானும் பெறலாம். தன் வழியினருக்கு விடலாம். மடத்துக்கோ சத்திரத்துக்கோ தரலாம். பலர் மூன்றாம் வழியைத் தேர்ந்தனர்.

அப்படி வளர்ந்த நிறுவனங்களில் தலையாயது ராமானுஜகூடம். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சாளுவ நரசிம்மர் திருமலையிலும் திருப்பதியிலும் ராமானுஜகூடங்கள் அமைத்து, கந்தாடை ராமானுஜ ஐயங்காரிடம் பொறுப்பைத் தந்தார். மலையேறி வரும் ஸ்ரீவைஷ்ணவ யாத்திரிகருக்கு அங்கே உணவு கிடைத்தது. அந்தணர் அல்லாத சாத்தாத ஸ்ரீவைஷ்ணவர்களும் இந்தக் கூடங்களோடு நெருங்கிய தொடர்பு பெற்றிருந்தனர். பல கொடையாளர் தங்கள் விழுக்காட்டைக் கூடத்துக்கே எழுதிவைத்தனர். இவ்வாறு ஒரே கொடை மூன்று பணிகள் செய்தது: ஊரில் நீராகப் பாய்ந்தது, சந்நிதியில் அமுதாயிற்று, கூடத்தில் பசித்தவர்க்கு உணவாயிற்று. இன்றைய அறக்கட்டளை நிர்வாகிகள் வியந்து படிக்க வேண்டிய ஏற்பாடு இது.

கூடத்தின் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. சமூகம் என்று அன்று கருதப்பட்டது சமய நெறியால் வரையறுக்கப்பட்ட சமூகம். அந்த எல்லை பின்னர் விரிந்த வரலாறும் இந்த மலையிலேயே நிகழ்ந்தது.

6. அறுந்த இழை: 1565 முதல் 1933 வரை

1565இல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் வீழ்ந்தது. சந்திரகிரியில் ராயர்கள் தொடர்ந்தபோதும் கொடைகள் சுருங்கின. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் கோல்கொண்டா, முகலாயர், ஆர்க்காட்டு நவாபு எனக் கைமாறிய ஆட்சிகளில் கோயில் வருவாய் அரசு வருவாயாகக் குத்தகைக்கு விடப்பட்டது. நவாபு அதைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தர வேண்டிய கடனுக்கு ஈடாக வைத்தார். திருவிடையாட்ட ஊர்கள் பல கோயிலின் கையை விட்டுப் போயின. அறமுதலை ஏரியில் இடும் வழக்கத்துக்கு வேண்டிய ஊர்களே இல்லாமற்போனபோது அந்த முறையும் நின்றது.

1801இல் ஆர்க்காட்டு நாடு கம்பெனியிடம் வந்தது. சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட வடார்க்காட்டு மாவட்டக் கலெக்டரின் மேற்பார்வையில் கோயில் நடந்தது. கைங்கர்யப்பட்டி, சவால்-இ-ஜவாப், பைமாயிஷ் கணக்கு, திட்டம் என ஆவணங்கள் தொகுக்கப்பட்டன. 1821இல் புரூஸ் என்ற அதிகாரி வகுத்த 42 விதிகள் கோயில் நிர்வாகத்துக்கு எழுத்து வடிவச் சட்டமாயின. கணக்கு ஒழுங்கு வந்தது உண்மை. ஆனால் செலவு போக எஞ்சிய காணிக்கை கம்பெனியின் கருவூலத்துக்குப் போயிற்று. வட்டாரத்துக்கு வந்த பணம் வட்டாரத்தை விட்டு வெளியேறியது இந்தக் கட்டத்தின் அடையாளம்.

சமயக் காரியங்களிலிருந்து கம்பெனி விலக வேண்டும் என்ற கொள்கையால், 1843இல் கோயில் ஹாதிராம்ஜி மடத்து மகந்து சேவாதாஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 1933 வரை மகந்துகள் நிர்வகித்தனர். பலர் கூடிய தானத்தார் குழு இருந்த இடத்தில் தனி ஒருவர் அமர்ந்ததால் கண்காணிப்புக் குறைந்தது, வழக்குகள் தொடர்ந்தன. நிர்வாகத் திட்டம் பற்றிய வழக்கொன்று 1907இல் பிரிவி கவுன்சில் வரை சென்று முடிந்தது.

இந்த இடைக்காலத்தில், மகந்துகள் பொறுப்பேற்கும் முன், அறத்தின் இழையைப் பிடித்துக் காத்தவர் ஒரு பெண். இன்றைய சித்தூர் வட்டாரத்தை ஒட்டிய தரிகொண்டாவில் 1730இல் பிறந்த வெங்கமாம்பா, இளவயதில் கணவனை இழந்தவர். ஊராரின் கட்டுப்பாடுகளை மறுத்துத் திருமலைக்கு வந்து தெலுங்கில் பக்தி நூல்கள் இயற்றினார். ஜமீன்தார்களும் அன்பர்களும் தந்த கொடைகளைத் திரட்டி யாத்திரிகர்களுக்கு அன்னமிட்டார். 1817இல் அவர் மறைந்தார். அரசும் குழுவும் தளர்ந்த காலத்தில், நம்பிக்கைக்குரிய ஒரு மனிதர் இருந்தால் மக்கள் கொடுப்பார்கள் என்பதை அவர் வாழ்வு காட்டியது. நம்பிக்கை ஒருவரோடு முடிந்துவிடாமல் தொடர நிறுவனம் வேண்டும் என்பதும் அதனால் விளங்கியது.

7. தேவஸ்தானமும் இன்றைய அறக்கட்டளைகளும்

சென்னை மாகாணச் சட்டத்தின்படி 1933இல் திருமலை திருப்பதி தேவஸ்தானக் குழு பொறுப்பேற்றது. மீண்டும் தனி ஒருவரிடமிருந்து குழுவிடம் அதிகாரம் வந்தது. கல்விக்கும் மருத்துவத்துக்கும் கோயில் பணம் பெருமளவில் திரும்பியது இதன் பின்னரே. ஆதரவற்ற சிறாருக்கான பாலமந்திர் 1943இல் தொடங்கியது. 1954இல் பிறந்த ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்குத் தேவஸ்தானம் துணைநின்றது. எலும்பு, மூட்டுக் குறைபாடுடையோருக்கான பர்டு மருத்துவமனையும், 1993இல் சேவையைத் தொடங்கிய சுவிம்ஸ் மருத்துவ நிலையமும் ராயலசீமாவிலிருந்தும் அண்டைத் தமிழக மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகளை ஈர்க்கின்றன. இன்றைய திருப்பதி வட்டாரத்துக்குக் கோயிலால் விளைந்த மிகத் தெளிவான நன்மை இந்தக் கல்வி, மருத்துவ நிலையங்கள்தாம்.

1985 ஏப்ரல் 6 அன்று நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 பேர் உண்டனர். 1994இல் இதற்கெனத் தனி அறக்கட்டளை ஏற்பட்டது. 2011 ஜூலையில் திறக்கப்பட்ட புதிய அன்னதானக் கூடத்துக்கு மாத்ருஸ்ரீ தரிகொண்டா வெங்கமாம்பாவின் பெயரே சூட்டப்பட்டது. ஆயிரம் பேர் அமரும் நான்கு கூடங்களில் பந்தி பந்தியாகப் பரிமாறுகிறார்கள். சாதி, சமய உட்பிரிவு எதுவும் கேட்பதில்லை. வந்தவர் எல்லாருக்கும் இலை விழுகிறது. ராமானுஜகூடத்துக்கு இருந்த எல்லை இங்கே நீங்கிவிட்டது. ஐந்நூறு ஆண்டு வரலாற்றின் மிகப் பெரிய முன்னேற்றம் இது.

அன்னதானத்தோடு, கொடிய நோயுற்ற ஏழைகளின் சிகிச்சைக்குப் பிராணதானம், கல்விக்கு வித்யாதானம், பசுக்களுக்குக் கோசம்ரக்ஷணம், சிற்றூர்க் கோயில்களுக்கு ஸ்ரீவாணி எனத் தனித்தனி அறக்கட்டளைகள் ஒரே குடையின்கீழ் உள்ளன. கொடையாளர் தம் மனத்துக்கேற்ற நோக்கத்தைத் தேர்ந்து கொடுக்கிறார்; நிர்வாகம் ஒன்றாக நடக்கிறது. சமூக அறக்கட்டளைகள் உலகெங்கும் பின்பற்றும் அமைப்பும் இதுவே. அன்னதானக் கொடைகள் வங்கியில் வைப்பாக இடப்பட்டு, வட்டியே செலவிடப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் ஒரு முழு நாள் அன்னதானத்துக்கு 44 லட்சம் ரூபாய் என்று தேவஸ்தானம் அறிவித்துள்ளது. கொடுத்தவர் பெயர் அன்றைய நாள் கூடத்துப் பலகையில் வருகிறது. லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுப்பவருக்குத் தரிசனம், தங்குமிடம், லட்டுப் பிரசாதம் எனச் சலுகைகள் உண்டு. கல்வெட்டின் இடத்தில் பலகையும், விட்டவன் விழுக்காட்டின் இடத்தில் லட்டும் தரிசனமும் வந்துள்ளன. பரம்பரையாகப் பங்கு பெற்றுவந்த மிராசு உரிமைகளை 1987ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது; 1996இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதிசெய்தது. பிரசாதப் பங்கீட்டின் பழைய வாய்பாடு அத்துடன் முடிவுற்றது.

8. ஒப்பீடு: முதல் எங்கே இருக்கிறது?

விஜயநகரக் காலத்தையும் இன்றையதையும் அருகருகே வைத்தால், நிலைமுதல், நோக்கத்துக்குக் கட்டுப்பட்ட செலவு, கொடையாளிக்கு மரியாதை, குழு நிர்வாகம் ஆகிய நான்கும் தொடர்வதைக் காணலாம். பயனடைவோர் வட்டம் பன்மடங்கு விரிந்துள்ளது. மாறியிருப்பது முதல் இருக்கும் இடம். 2022 நவம்பரில் தேவஸ்தானம் வெளியிட்ட வெள்ளை அறிக்கையின்படி, 24 வங்கிகளில் 15,938 கோடி ரூபாய் வைப்பாகவும், 10 டன்னுக்கு மேல் தங்கமாகவும் இருந்தது. இந்த முதல் பாதுகாப்பானது, தணிக்கைக்கு உட்பட்டது, ஏரி உடைவதுபோல் ஒரு மழையில் போய்விடாது. வங்கியில் இட்ட பணம் நாடெங்கும் கடனாகச் செல்கிறது. சித்தூரின் ஏரிக்கரைக்கு அதில் ஒரு கூடை மண்ணாவது வருமா என்பது யார் கையிலும் இல்லை.

இதை நிர்வாகிகளின் குறையாகக் கருதுவது சரியன்று. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் அறக்கட்டளைகள் தம் முதலை எவ்வெவற்றில் இடலாம் என்று வரையறுத்தது. அரசுப் பத்திரமும் வங்கி வைப்பும் அதில் அடங்கும். ஊர் ஏரி அடங்காது. காணிக்கை நாடெங்குமிருந்து வருவதால், அதை உள்ளூருக்குச் செலவிடலாமா என்ற கேள்வியும் நியாயமானது. 2023 அக்டோபரில், ஆண்டு வரவுசெலவில் 1 விழுக்காட்டைத் திருப்பதி நகர வளர்ச்சிக்கு ஒதுக்கத் தேவஸ்தானக் குழு முடிவெடுத்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது; மாநில அரசும் அதை ஏற்கவில்லை. பக்தர் இறைவனுக்குத் தந்ததை நகராட்சி வேலைக்குத் திருப்பக்கூடாது என்பது எதிர்த்தவர்களின் வாதம்.

16ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் இந்தச் சிக்கலுக்கு விடை வைத்திருக்கின்றன. அன்று எந்தக் கொடையின் நோக்கமும் உள்ளூருக்காக மாற்றப்படவில்லை. அமுதுபடிக்கு வந்த பணம் அமுதுபடிக்கே சென்றது. அமுதுபடிக்கு வேண்டிய நெல் எங்கே விளைய வேண்டும் என்பதைத் தீர்மானித்ததில்தான் வட்டார நன்மை பிறந்தது. செலவின் நோக்கத்தைத் தொடாமல், செலவு செல்லும் பாதையை ஊருக்குள் கொண்டுவரலாம். அண்மை ஆண்டுகளில் தேவஸ்தானம் பிரசாதத்துக்கும் அன்னதானத்துக்கும் வேண்டிய அரிசி, பருப்பு, வெல்லம் போன்றவற்றில் ஒரு பகுதியை ஆந்திரத்து இயற்கை வேளாண் உழவர்களிடமிருந்து வாங்க முற்பட்டது இந்தத் திசையில் வைத்த நல்ல அடி. நிலையான, பெரிய, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கொள்முதல் இருந்தால், அதை நம்பி உழவர் கூட்டமைப்புகள் ஏரி தூர்வாரலாம், பயிர்வாரி திட்டமிடலாம். முதலை ஏரியில் இட முடியாத காலத்தில், கொள்முதல் அந்த வேலையைச் செய்யும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள்: முதலாவது, கொடையைப் பொது முதலாகத் திரட்டி, குழுவின் பொறுப்பில் வைத்து, நோக்கம் மாறாமல் நடத்தும் மரபு திருவேங்கடத்தில் கிளீவ்லாந்துக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. இரண்டாவது, அந்த மரபு குழு நிர்வாகம் வலுவாயிருந்த காலங்களில் செழித்தது. வருவாய் வெளியேறிய காலத்திலும் தனி ஒருவரிடம் அதிகாரம் குவிந்த காலத்திலும் நலிந்தது. மூன்றாவது, பயனடைவோர் வட்டத்தில் இன்றைய அமைப்பு பழையதைவிட மிக உயர்ந்தது. வட்டாரத்தின் நீரோடும் நிலத்தோடும் உள்ள பிணைப்பில் பழையதைவிடத் தாழ்ந்தது.

2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. திருப்பதியும் சித்தூரும் இன்று இரு மாவட்டங்கள். ஏரிகளும் ஓடைகளும் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. இரு மாவட்டத்து வணிகர், ஆசிரியர், மருத்துவர், உழவர், இங்கிருந்து பெங்களூருக்கும் சென்னைக்கும் கடல்கடந்தும் சென்றோர் ஆகியோர் சேர்ந்து, ஏரிகளுக்கென ஒரு சமூக அறக்கட்டளையை ஏற்படுத்த வேண்டும். கோயில் காணிக்கையை அது தொட வேண்டியதில்லை. கோயில் கற்றுத்தந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்: பல தரப்பினரும், அன்று இடம்பெறாத உழவரும் பெண்களும் உட்பட, அமரும் நிர்வாகம், முதலைத் தொடாத செலவு, யாரும் படிக்கக்கூடிய இடத்தில் கணக்கு. தேவஸ்தானம் தன் பங்குக்கு, அன்னதானத்துக்கு வாங்கும் தானியத்தில் ஏரிப் பாசன ஊர்களுக்கு நிலையான ஒதுக்கீடு அளிக்கலாம். கோயில் சுவர்களில் இந்த முறை விளக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்துச் செயற்படுத்துவது இந்தத் தலைமுறையின் கடமை.